கம்பியின் மேலுறை: கான்கிரீட்டின் நீடித்த உழைப்பை எதைக் கொண்டு அளப்பது?

இந்தியக் கட்டுமானங்களில் கான்கிரீட்டை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பெரும்பாலும் ஓர் எண்ணே முடிவு செய்கிறது. களத்தில் கலந்த கலவையிலிருந்து 150 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்கள் வார்க்கப்பட்டு, 27 பாகை செல்சியசை ஒட்டிய நீர்த்தொட்டியில் 28 நாள் வைக்கப்பட்டு, எந்திரத்தில் நசுக்கப்படும்போது அவை தாங்கும் அழுத்தமே அந்த எண். கட்டடம் தன் சுமையைத் தாங்குமா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை நம்பத்தக்க விடை தருகிறது; அது எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விக்கும் இதே எண்ணை விடையாகக் கொள்ளும் வழக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். நீடித்த உழைப்பு நிர்ணயமாகும் இடம் கனசதுரத்தின் உள்ளே இல்லை. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையே உள்ள, களத்தில் 'கவர்' எனப்படும் சில சென்டிமீட்டர் மேலுறையில் இருக்கிறது.

சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடும் கார உப்புகளும் கான்கிரீட்டின் நுண்துளை நீரைக் கடுங்காரமாக்குவதால், அதன் கார அளவு 12.5க்கு மேல் நிற்கிறது. அச்சூழலில் எஃகுக் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து துருவைத் தடுக்கிறது. இப்படலத்தை அழிக்கும் வழிகள் முக்கியமாக இரண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து காரத்தை நடுநிலையாக்கும் கார்பனேற்றத்தில் கார அளவு 9ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது; கடலுப்பின் குளோரைடு அயனியோ, காரம் குறையாதிருக்கும்போதே படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துரு தான் பிறந்த எஃகைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலுறை உள்ளிருந்து நெம்பப்பட்டு வெடிக்கிறது. சுவீடனைச் சேர்ந்த டூட்டி 1982இல் வகுத்த மாதிரி, இந்நிகழ்வை இரு கட்டங்களாகப் பிரித்தது: தீங்கு செய்யும் பொருள் கம்பியை எட்டும் வரையிலான தொடக்கக் கட்டம், துரு பரவிச் சிதைவு வெளித்தெரியும் வளர்ச்சிக் கட்டம். இரண்டாவது பெரும்பாலும் குறுகியது. ஆகவே ஆயுளைக் கூட்டும் முயற்சி முதற்கட்டத்தை நீட்டுவதிலேயே இருக்க வேண்டும்.

கார்பனேற்றமும் குளோரைடின் பரவலும், எளிமைப்படுத்திய கணக்கில், காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற ஆழத்தை எட்டுகின்றன. இதன் விளைவை மேற்பார்வையாளர்கள் போதிய அளவு உணர்வதில்லை. 45 மி.மீ. மேலுறையை நம்பி 50 ஆண்டு தொடக்கக் கட்டம் எதிர்பார்க்கப்பட்ட தூணில், கவர் பிளாக் நழுவியதாலோ கம்பிக்கூடு சாய்ந்ததாலோ மேலுறை 30 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால், மேலுறையில் மூன்றிலொரு பங்கே போயிருக்கிறது. காலமோ ஏறத்தாழ 22 ஆண்டாகச் சுருங்குகிறது. இந்த இழப்பைக் கனசதுரச் சோதனை ஒருபோதும் காட்டாது.

மேலுறையின் தடிப்பைப் போலவே அதன் செறிவும் கருதத்தக்கது. இறுகிய சிமெண்ட் பசையில் வினைபுரியாது எஞ்சும் நீர் விட்டுச்செல்லும் இடங்களே நுண்புழைத் துளைகள். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வரை உப்புக்கும் காற்றுக்கும் வழி திறந்தே இருக்கிறது. பவர்சும் அவருடைய உடனாய்வாளர்களும் 1959இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீர்–சிமெண்ட் விகிதம் 0.40 ஆக இருந்தால் ஈரம் காக்கப்பட்ட மூன்று நாளிலும், 0.45 ஆனால் ஏழு நாளிலும், 0.50 ஆனால் பதினான்கு நாளிலும் இத்தொடர்பு அறுந்துவிடுகிறது, 0.60க்கு ஆறு மாதமும் 0.70க்கு ஓராண்டும் வேண்டும். அதற்கு மேற்பட்டால் எவ்வளவு காலம் ஈரம் காத்தாலும் துளைகள் துண்டிக்கப்படுவதில்லை. 0.40க்கும் 0.50க்கும் இடையே விகிதம் 0.05 கூடும்போது ஈரம் காக்க வேண்டிய காலம் ஏறத்தாழ இருமடங்காவதையும், 0.50க்கும் 0.60க்கும் இடையே அது பன்மடங்காவதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன.

இங்குதான் வலிமையும் நீடித்த உழைப்பும் பிரிகின்றன. 53 தரச் சிமெண்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் 1987இல் வந்தது. நுண்ணியதாக அரைக்கப்பட்டு, டிரைகால்சியம் சிலிக்கேட் மிகுந்திருக்கும் இத்தகைய சிமெண்டைக் கொண்டு, முன்பு தேவைப்பட்டதைவிடக் கூடுதலான நீர்–சிமெண்ட் விகிதத்திலேயே குறித்த 28 நாள் வலிமையை எட்டிவிட முடிகிறது. எண் நிறைவேறுகிறது, துளைகளோ பெருகுகின்றன. பெர்க்லியில் பணியாற்றிய பி. குமார் மேத்தா, பரோசுடன் 2001இல் எழுதிய கட்டுரையில், விரைவான கட்டுமானத்துக்காக முன்வலிமையைத் துரத்தும் போக்கு வெப்பத்தாலும் சுருக்கத்தாலும் விரிசலை மிகுவித்து ஆயுளைக் குறைக்கிறது என்று வாதிட்டார். வலிமை மிக்கதே நெடுநாள் நிற்கும் என்ற எளிய நம்பிக்கையை அசைத்த அந்த வாதம் இன்றும் தன் கூர்மையை இழக்கவில்லை.

களத்தில் க்யூரிங் எனப்படும் நீராற்றலில் இந்த இடைவெளி மேலும் அகல்கிறது. கனசதுரம் 28 நாளும் தொட்டியில் கிடக்க, அதே கலவையில் வார்த்த தூண் சில நாள் நனைந்த சாக்கோடு நின்று வெயிலில் காய்கிறது. இந்தியத் தரநிர்ணயம் சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளையும், சாம்பல் போன்ற கனிமச் சேர்மானங்கள் கலந்தால் பத்து நாளையும் குறைந்த அளவாக வைத்திருக்கிறது. தளத்துக்குப் பாத்தி கட்டி நீர் தேக்குவது எளிது; செங்குத்துப் பரப்புகளுக்கே கவனிப்பு குறைகிறது. முதலில் உலர்வதும் உலர்வதால் மிகுதியாகக் கெடுவதும் வெளிப்பரப்பையொட்டிய அந்தச் சில சென்டிமீட்டர்தான். உட்பகுதி தன் ஈரத்தைக் கொண்டே வினையைத் தொடரக்கூடும்.

கடற்கரை இதை ஈவிரக்கமின்றிச் சோதிக்கிறது. கோவாவின் மாண்டவிப் பாலம் பயன்பாட்டுக்கு வந்து இருபதாண்டு நிறையுமுன், முன்தகைவு எஃகு அரிப்புண்டு 1986இல் இடிந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உப்புக்காற்று கடுமையாக வீசும் மண்டபத்தில் தன் அரிப்புச் சோதனை நிலையத்தை நடத்திவந்ததும் இச்சூழலின் கடுமை கருதியே. 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 தரநிர்ணயம் சூழலை ஐந்து வகையாகப் பிரித்து, கடல் ஏற்றவற்றம் படும் உறுப்புகளுக்கு எம்-40 தரம், 0.40 விகிதம், 75 மி.மீ. மேலுறை என்று கூறுகிறது. முழுவதும் கடலில் மூழ்கிய கான்கிரீட்டை அதற்குக் கீழான வகையில் வைப்பது, ஆக்சிஜன் குறைந்த இடத்தில் துரு மெல்ல வளர்வதால் பொருத்தமானதே. ஆயினும் இவ்வட்டவணை கலவைக்கு வரம்பு கட்டுகிறதே தவிர, இறுகிய கான்கிரீட் எப்படி அமைந்தது என்று கேட்பதில்லை. லாரியில் வந்த கலவையில் களத்தில் யாரோ ஊற்றிய நீரைப் பின்னர் எவராலும் எளிதில் அளந்து காட்ட முடியாது.

ஆகவே செயல்திறனை நேரடியாக அளக்கும் சோதனைகளே முன்னேற்றத்துக்கான வழி. 50 மி.மீ. தடிப்புள்ள வில்லையில் 60 வோல்ட் மின்னழுத்தத்தை ஆறு மணிநேரம் செலுத்தி, கடந்துசெல்லும் மின்னூட்டத்தைக் கூலும் அலகில் கூட்டும் விரைவுக் குளோரைடுச் சோதனை இந்தியாவில் பரவலாகக் கேட்கப்படுகிறது. அது அளப்பது நுண்துளை நீரின் மின்கடத்தும் தன்மையையும் சேர்த்தே ஆதலால், கால்சியம் நைட்ரைட் போன்ற அரிப்புத் தடுப்பிகள் கலந்த நல்ல கான்கிரீட்டையும் தாழ்த்திக் காட்டிவிடும். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த நீடிப்புக் குறியீட்டு முறை, கட்டடத்திலிருந்தே வெட்டியெடுத்த மாதிரியில் ஆக்சிஜன் ஊடுருவலையும் நீருறிஞ்சலையும் குளோரைடு கடத்தலையும் அளந்து ஆயுள் கணக்கோடு இணைக்கிறது. சுவிட்சர்லாந்தின் தரநிர்ணயம் முடிந்த கட்டமைப்பின் பரப்பிலேயே காற்றூடுருவலைச் சோதிக்கச் சொல்கிறது. இவ்விரண்டும் கனசதுரத்தை விட்டுக் கட்டடத்துக்கே செல்வதால் சிறந்தவை.

ஒரே சோதனை எல்லாச் சூழலுக்கும் போதாது என்பதற்கு, சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்.சி.3 சிமெண்ட் சான்றாகிறது. லோசானும் கியூபாவும் சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.களும் பங்கேற்ற ஆய்வில் உருவான இதில் கிளிங்கர் ஏறத்தாழ பாதிதான். சுட்ட களிமண்ணின் அலுமினா குளோரைடைப் பிணைப்பதோடு துளைகளையும் நுண்ணியதாக்குவதால் கடற்கரைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் கிளிங்கர் குறைவதால் கார இருப்பும் குறைந்து, கார்பனேற்றம் சாதாரண சிமெண்டைவிட விரைவாகப் புகுகிறது. உள்நாட்டில், மழைக்கு ஒதுங்கி வறண்டும் ஈரமாகியும் மாறும் உறுப்புகளுக்கு இச்சிமெண்ட் தேர்வாகும்போது மேலுறையும் நீராற்றலும் கூடுதல் கவனம் பெற வேண்டும். குளோரைடு எண்ணொன்றை மட்டும் பார்த்துச் சான்றளிப்பது அங்கே தவறாக முடியும்.

இவையெல்லாம் பெரும் பாலங்களுக்கே கட்டுபடியாகும் என்ற மறுப்பு எழலாம். மாதிரி வெட்டும் சோதனைகளைப் பொறுத்தவரை அது ஓரளவு நியாயமே. ஆனால் காந்தப்புலத்தால் கம்பியின் ஆழத்தை அறியும் கவர் மீட்டர், எதையும் உடைக்காமல் ஒரு தளத்தின் தூண்களைச் சில மணிநேரத்தில் அளந்துவிடும். கடற்கரை மாவட்டங்களின் அரசுக் கட்டுமானங்களிலாவது, கனசதுர அறிக்கையோடு மேலுறை அளவீடும் இணைக்கப்பட்ட பின்னரே பில் தொகை வழங்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை.