ஜெனரல் மோகன் சிங்: கெடாவில் தொடங்கிய கதை



நம் தோட்டத்து வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலே நேதாஜி படமும் தொங்கியதை மூத்தவர்கள் அறிவார்கள். ஆனால் அந்த இந்திய தேசிய இராணுவத்துக்கு முதல் வித்து விழுந்தது நம் கெடா மாநிலத்திலேதான் என்பதும், அதை ஊன்றியவர் மோகன் சிங் என்ற பஞ்சாப் சீக்கியர் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள்.

மோகன் சிங் 1909-ல் சியால்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அவர் பிறக்கு முன்னே தகப்பனார் காலமாகிவிட்டார்; தாய்தான் வளர்த்தார். 1927-ல் சாதாரண சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, 1935-ல் அதிகாரியாக உயர்ந்தார். 1940 டிசம்பரில் கல்யாணம். மணக்கோலம் கலையுமுன்னே, அடுத்த மார்ச்சில் மலாயாவுக்குக் கப்பல் ஏறச் சொல்லிவிட்டார்கள். மனைவி ஜஸ்வந்த் கௌர் அங்கே, இவர் இங்கே.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான்காரன் சயாமில் இறங்கினான். அன்றைக்கே சுங்கைப்பட்டாணி விமானத் திடலிலும் குண்டு விழுந்தது. 11-ஆம் தேதி, கொட்டுகிற மழையில், ஜித்ராவுக்கு வடக்கே சாலையில் நின்ற பஞ்சாப் பட்டாளத்தின்மேல் டாங்கிகள் ஏறி வந்தன. டாங்கியைக் கண்ணாலே கண்டிராத சிப்பாய்கள் அவர்களில் பலர். என்ன செய்வார்கள்? பட்டாளம் சிதறியது. மோகன் சிங்கும் சிலரும் காட்டிலும் ரப்பர் மரங்களுக்கிடையிலும் சில நாள் அலைந்தார்கள். அதற்குள் ஆங்கிலேயர் நமக்குப் பக்கத்துக் குரூணையும் விட்டு, மூடா ஆற்றைத் தாண்டித் தெற்கே போய்விட்டார்கள்.

அலோர் ஸ்டார் பக்கத்தில் அவர் சரணடைந்தபோது எதிரே வந்தவர்கள் மேஜர் புஜிவாரா என்ற ஜப்பானிய அதிகாரியும், ஞானி பிரீதம் சிங் என்ற சீக்கியரும். பட்டணத்தில் அப்போது ஒரே கொள்ளை. அதை அடக்கும் வேலையை மோகன் சிங்கிடமே ஒப்படைத்தார் புஜிவாரா. பிறகு ஒருநாள் இந்தியச் சாப்பாடு போட்டு, கைதிகளோடு தாமும் உட்கார்ந்து கையாலே சாப்பிட்டார். ஆங்கிலப் பட்டாளத்தில் வெள்ளைக்கார அதிகாரி இப்படி ஒருநாளும் செய்ததில்லையே என்று மோகன் சிங் நெகிழ்ந்து போனாராம். ஒரு வேளைச் சோற்றுக்கு மயங்கினார் என்று நினைக்கக் கூடாது. மரியாதைக்குப் பசித்திருந்தவர் அவர்.

1942 பிப்ரவரி 17-ல் சிங்கப்பூர் பேரர் பார்க் திடலில் ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களிலிருந்து செப்டம்பரில் முதல் இந்திய தேசிய இராணுவம் முறைப்படி எழுந்தது. எல்லோரும் சேரவில்லை. மறுத்தவர்களில் பலர் நியூகினிக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டுத் துன்பப்பட்டார்கள். அவர்களையும் குறைவாகப் பேசுவது நியாயமில்லை.

அந்தப் படையின் தலைவரே சில மாதத்தில் ஜப்பானியரோடு மோதினார். இந்தியாவின் சுதந்திரத்துக்கு வாக்குறுதி கொடு, என் ஆட்களை உன் வேலைக்காரனாக்காதே என்று கேட்டார். சரியான பதில் வரவில்லை. என்னைக் கைது செய்தால் படை கலைந்தது என்று உத்தரவு எழுதி வைத்தார். 1942 டிசம்பர் 29-ல் கைதானார். புலாவ் ஊபினிலும் பிறகு சுமத்ராவிலும் காவலில் கிடந்தார்.

வீம்பு பிடித்தவர் என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் 1943-ல் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனது யார்? கெடாவிலே அந்த ரயிலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவும் அண்ணனும் எத்தனை பேர்! ஜப்பான்காரன் வாய்ப் பேச்சை நம்பாமல் எழுத்தில் கேட்டவரை வீம்புக்காரர் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து படையை மீண்டும் எழுப்பினார். தோட்டத்துப் பிள்ளைகள் பால் வாளியை வைத்துவிட்டுத் துப்பாக்கி தூக்கியது அப்போதுதான். மோகன் சிங் அதில் இல்லை, காவலில் இருந்தார்.

போர் முடிந்து இந்தியாவுக்குக் கொண்டு போகப்பட்டு, 1946 மே மாதத்தில்தான் விடுதலையானார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு குடும்பம். அதுவும் நிலைக்கவில்லை. 1947 பிரிவினையில் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. வீடு வாசலை விட்டு அகதியாக வந்து, லூதியானா பக்கம் ஜுகியானா கிராமத்தில் குடியேறினார். பிறகு பஞ்சாப் சட்டசபையிலும், இரண்டு தவணை டில்லி மேல்சபையிலும் உறுப்பினராக இருந்தார். அங்கே அவர் ஓயாமல் கேட்டது, தம் பழைய படைவீரர்களைச் சுதந்திரப் போராட்ட வீரர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்பதே. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு இந்திய மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 1972-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, தம் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.

1989 டிசம்பர் 26-ல், 80 வயதில், அந்த ஜுகியானாவிலேயே மோகன் சிங் காலமானார்.