சலுகை யாருக்கு? செங்கல்பட்டு மிராசும் பஞ்சமி நிலமும்

எங்கள் செய்யூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. தேர்தல் வந்தால் டீக்கடையில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும், "எல்லாச் சலுகையும் அவங்களுக்குத்தான்" என்று. கல்லூரியில் அட்மிஷன் சமயத்திலும் இதே டயலாக்தான். இந்த 'சலுகை' என்ற வார்த்தை எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல். பி.காம் படிப்பவன் என்பதால் ஆரம்ப இருப்பு பார்க்காமல் கணக்கு எழுத மனசு வரவில்லை. பழைய நோட்டைப் புரட்டுவோம் நண்பர்களே.

செங்கல்பட்டுப் பக்கத்து கிராமங்களில் அந்தக் காலத்தில் மிராசு முறை இருந்தது. மிராசு என்றால் அரபியில் வாரிசுச் சொத்து. அதற்கு முன்பே தமிழில் இதற்குக் காணியாட்சி என்று பெயர் உண்டு. கிராமம் முழுவதும் பங்கு பங்காகப் பிரிந்திருக்கும். பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு விட்டுப்போகலாம் (இன்றைய ஷேர் மாதிரியேதான்!). பயிர் வைக்கும் நிலம் மட்டுமல்ல, தரிசிலும் பங்கு. மற்றவர் உழுத நிலத்தின் விளைச்சலிலும் ஒரு பாகம் வரும். எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த மிராசு உரிமையைப் பற்றி விசாரித்து எழுதியது 1818-ல் அச்சானது.

பிறகு வெள்ளைக்காரன் ஆட்சியில் தரிசு நிலம் கேட்டு 'தர்காஸ்து' மனு போடும் முறை வந்தது. அதிலும் வரிசையில் முதலில் நிற்பவர் மிராசுதார். சேரியில் இருப்பவர் மனு போட்டால், "அது எங்களுக்கு வேண்டும்" என்று மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சேரி மக்களின் குடிசை இருந்த மனையே மிராசுதாருடையது என்னும்போது எதிர்த்துக் கேட்பது எப்படி?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மிராசுதார் எல்லோரும் பணக்காரர் இல்லை. கால் பங்கு, அரைக்கால் பங்கு வைத்துக்கொண்டு கடனில் தவித்தவர்களும் உண்டு. ஆனால் கடன்காரராக இருந்தாலும் வரிசையில் அவர்தான் முன்னால். "நாங்களும் ஏழைதானே, எங்களுக்கு என்ன பெரிய வசதி" என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பணம் வேறு, வரிசையில் இடம் வேறு. அதை அன்று யாரும் சலுகை என்று சொல்லவில்லை. 'உரிமை' என்றார்கள்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் சேரி மக்களின் நிலைமையை விவரித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததுதான் அடிப்படைப் பிரச்சினை என்பது அவர் வாதம். அதன் விளைவாக 1892-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்பது இதுதான். 12 லட்சம் ஏக்கர் என்று பரவலாகச் சொல்வார்கள். பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கை மாறிக்கொண்டே போனது. இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அவர்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை, 102 வருடத்துக்கு முன் போட்ட உத்தரவை நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள்.