விலையா, முறையா?

பழவேற்காடு ஏரியில ‘பாடு’ன்னு ஒரு பழைய வழக்கம் இருக்கு. நல்ல மீன்பிடி இடங்கள் கொஞ்சம், வலை போடுறவங்க அதிகம். அதனால சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம்னு முறை வச்சுக்குறாங்க.

இதை மனசுல வச்சுக்கிட்டு 2021-க்கு வாங்க. ஏப்ரல் வரைக்கும் கொரோனா தடுப்பூசியை மத்திய அரசு மட்டுமே வாங்குச்சு. ஏப்ரல்ல டோஸ் 150 ரூபாய். மே 1 முதல் உற்பத்தியில பாதி மாநிலங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. கோவிஷீல்டுக்கு சீரம் நிறுவனம் அறிவிச்ச விலை மாநிலங்களுக்கு 400 ரூபாய் (பிறகு 300), தனியாருக்கு 600.

தடையற்ற சந்தையை ஆதரிக்கிறவங்க வாதம் இது: விலை ஏறினா உற்பத்தி பெருகும். சரிதான், ஆனா அதுக்கு மாசக்கணக்காகும். தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டுச்சு, யாருமே வரல. அந்த மே மாசம், எத்தனை டோஸ்ங்கிறதை விலை மாத்தல. யாருக்குங்கிறதைத்தான் மாத்துச்சு. கடலுக்குப் போனாத்தான் காசுங்கிற குடும்பத்துக்கு 600 ரூபாய் சின்ன விஷயமில்ல. ஜூன் 21 முதல் 75 சதவீதத்தை மத்திய அரசே வாங்கி இலவசமாக் கொடுத்துச்சு.

அதுக்காக சந்தை வாதத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அமெரிக்கா 2020-லயே, ஊசி தயாராகும் முன்னாடியே ஆர்டர் கொடுத்துச்சு. இந்தியா இரண்டு நிறுவனங்களுக்கு சுமார் 4,500 கோடி முன்பணம் ஒதுக்கினது 2021 ஏப்ரல்லதான்.

சரக்கு பெருகணும்னா பணம் முன்கூட்டியே போகணும். இருக்கிறதே இவ்வளவுதான்னா, முறைதான் வேணும். ஏரிக்கரையில இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச கணக்கு.