தற்காலிக இதய முடுக்கம்

இதயத்துடிப்பு மிகவும் குறைந்து, இரத்த அழுத்தம் சரிந்து நோயாளி மயங்கும் நிலையில், மின்தூண்டலால் துடிப்பை நடத்தும் அவசர சிகிச்சை. அட்ரோபின் ஊசி பலிக்காதபோது இது கைகொடுக்கும். 1952இல் பாஸ்டன் மருத்துவர் பால் சோல் மார்பின்மேல் மின்வாய்கள் வைத்து இதைச் செய்துகாட்டினார். உயிர் காத்தது, வலியோ கடுமை. இன்றும் மார்பில் பட்டைகள் ஒட்டிச் செய்யும்போது, நினைவுள்ள நோயாளிக்கு வலிநிவாரணி வேண்டும். 1958இல் நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் சிரை வழியாகக் கம்பியை வலது கீழறைக்குள் செலுத்தினார். இப்போது கழுத்துச் சிரை வழியே, எக்கோ துணையுடன், படுக்கையருகிலேயே இதைச் செய்ய முடிகிறது.

முடுக்கம் பலிக்கிறதா என்றறிய ஈசிஜி திரையை மட்டும் நம்பக்கூடாது. அலை எழுந்தாலும் இதயம் சுருங்காமலிருக்கலாம். தொடைநாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்தில் பார்த்தால் தசைத்துடிப்பு நாடிபோல ஏமாற்றிவிடும்.