இடியாப்பம், பால், காஞ்சிபுரம்: நூல் மாதிரி நீளும் ஒரு வரலாறு

1) "இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் 2000 வருஷத்துத் தமிழர் உணவு. அதனால சுகர் இருக்கறவங்க தாராளமா சாப்பிடலாம்."

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீங்க. இதுல பாதி வரலாறு, பாதி மருத்துவம். ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்ப்போம் வாங்க.

2) முதல்ல வரலாறு. பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சிக்குப் போகும் வழியை வர்ணிக்கும்போது ஒரு உவமை வருது. கூவியர், அதாவது பலகாரம் சுட்டு விற்கறவங்க, கரிய சட்டியில் பாகு சேர்த்துச் செய்த, இழை சூழ்ந்த வட்டமான பலகாரம் பாலில் கிடப்பது போல என்கிறார் புலவர்.

3) "இழை" என்ற சொல்லை காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். தறியில ஓடுறதும் அதுதான். இந்த ஒரு சொல்லை வச்சுத்தான் பலர் இதை இடியாப்பம்னு முடிவு கட்டிடறாங்க.

ஆனா உரைகாரர்கள் சொல்வது அப்பம். அதுக்குக் காரணமும் இருக்கு. பாட்டுல இருக்கறது சட்டி. இடியாப்பத்துக்கு வேண்டியது பிழியற அச்சும் ஆவியும். அந்த ரெண்டும் அந்த உவமையில் இல்லை.

ஆக, அந்தக் காலத்துலயே பாலில் ஊறின இழைப் பலகாரம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒன்று. இவ்வளவுதான் உறுதி. இதுவே பெருமைதானே!

4) உலகத்துல? சீனாவின் லாஜியா என்ற இடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்குள்ள சுமார் 4000 ஆண்டுப் பழைய நூடுல்ஸ் கிடைச்சது. 2005-ல் வெளியான ஆய்வு அது. தினை, பனிவரகு மாவில் செய்ததுன்னு அறிவிச்சாங்க. நம்ம ஊர் சிறுதானியங்கள்தான்!

5) கோதுமையில் குளூட்டன் என்ற புரதம் இருக்கு. மாவை இழுத்தா நீளும். அரிசியில் அது கிடையாது. அதனாலதான் நம்மாளுங்க கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைஞ்சாங்க. சூட்டுல மாவுச்சத்து பசையாகி, பிழியும்போது இழை அறுந்து போகாம காப்பாத்துது. பிழிஞ்சு வேகவச்சா இடியாப்பம். வேகவச்சுப் பிழிஞ்சா சேவை. கொங்குப் பக்கம் சந்தகை.

6) இப்போ நம்ம சப்ஜெக்ட்டுக்கு வர்றேன். 16-ம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய பாவப்பிரகாசம் ஒரு ஆயுர்வேத நூல். அதுல "சேவிகா" வருது. கோதுமை மாவை மெல்லிசா உருட்டி, காயவச்சு, பாலில் வேகவச்சு, நெய்யும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடணும். நம்ம சேமியா பாயசமேதான்.

ருசி, பலம் தரும், ஆனா செரிக்க கனமானதுன்னு எழுதிட்டு, கடைசியில அளவுக்கு மீறிச் சாப்பிடாதேன்னு முடிக்கிறார். பழைய வைத்தியரே அளவைச் சொல்லித்தான் பரிந்துரைச்சிருக்கார்!

7) இன்னைக்கும் கணக்கு அதேதான். 100 கிராம் அரிசி மாவில் ஏறத்தாழ 80 கிராம் மாவுச்சத்து. நைசா அரைச்சு, நல்லா வேகவச்சதால சீக்கிரம் செரிச்சு சர்க்கரையா ரத்தத்துல ஏறும். மேல வெள்ளைச் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பால் வேற. ஆவியில வெந்ததால எண்ணெய் இல்லைங்கறது உண்மை. ஆனா எண்ணெய் இல்லைன்னா சுகர் ஏறாதுன்னு அர்த்தம் இல்லை.

8) அப்போ சாப்பிடவே கூடாதா டாக்டர்? தாராளமா சாப்பிடுங்க. தட்டுல இடத்தை மட்டும் மாத்துங்க. இடியாப்பம் ஓரமா இருக்கட்டும், ஒண்ணு போதும். நடுவுல கொண்டைக்கடலை குருமாவோ முட்டையோ, கூடவே காய்கறியும். தேங்காய்ப்பாலை சர்க்கரை போடாம, இஞ்சி, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அடுப்பை சிம்மில் வச்சு சொதி மாதிரி பண்ணுங்க. கொதிச்சா திரிஞ்சுடும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு ஒரு தடவை சுகர் பாருங்க. உங்க உடம்புக்கு எவ்வளவு தாங்கும்னு அந்த நம்பரே சொல்லும்.

9) ஒரு உணவு பழசுங்கறது பெருமைக்குக் காரணம். மாத்திரையை நிறுத்தறதுக்குக் காரணம் இல்லை. "நம்ம பாரம்பரிய உணவுதானே"ன்னு மாத்திரையை விட்டவங்க வீட்ல யாராவது இருந்தா, இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.