வேர்க்க ஓர் அறை

சவுனா என்றதும் நம்மில் பலருக்கு ஹோட்டல் விளம்பரம்தான் ஞாபகம் வரும். பலகை அடித்த சின்ன அறை, சுடுகல், ஆவி, வெள்ளைத் துவாய். காசுள்ளவங்க சமாச்சாரம் என்று கடந்துவிடுவோம். ஆனால் ஃபின்லாந்தில் அது குடியானவர் வீட்டுச் சொத்து. புதுக் காணிக்குப் போனவர்கள் முதலில் சவுனாவைக் கட்டி, அதில் தங்கிக்கொண்டே வீட்டைக் கட்டியதுண்டு. பிள்ளைப்பேறும் அங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டுவதும் அங்கேதான். சுமார் 55 இலட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் இன்று ஏறத்தாழ 30 இலட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ அந்தப் பழக்கத்தை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நம்ம பக்கத்துக்கும் இது புதுசு இல்லை. பௌத்த வினய நூல்கள் 'ஜந்தாகர' என்ற வெப்ப அறையைப் பற்றிப் பேசுகின்றன. வைத்தியர் ஜீவகர் கேட்டதால் புத்தர் அதைப் பிக்குகளுக்கு அனுமதித்தார் என்கின்றன. சின்ன அறையென்றால் அடுப்பு ஒரு பக்கம், பெரிய அறையென்றால் நடுவில். புகை போக வழி. முகம் சுடாமலிருக்கக் களிமண் பூச்சு. இவ்வளவு விபரம்! அநுராதபுரத்து விகாரை இடிபாடுகளிலும் இந்த அறைகளின் தடயம் உண்டு. மிஹிந்தலையின் பழைய மருத்துவமனையில், ஆள் படுக்கும் வடிவில் குடைந்த கல் மருந்துத் தொட்டியை இன்றும் பார்க்கலாம். சரக சம்ஹிதையோ நீர்நிலை ஓரத்தில் 16 முழ அகலத்தில் வட்டமான வெப்ப அறை கட்டச் சொல்கிறது. வேர்த்து வெளியே வந்ததும் சட்டென்று பச்சைத் தண்ணியைத் தொடாதே என்றும் எச்சரிக்கிறது. ஃபின்லாந்துக்காரர் நேரே ஏரிக்குள் குதிப்பார்கள்.

விகாரைக்கு நிலமும் விறகும் இருந்தன, அறை கட்ட முடிந்தது. சாதாரண வீட்டில் அதே வைத்தியம் ஒரு பானைக்கும் போர்வைக்கும் சுருங்கியது. அதைத்தான் 'வேது புடிக்கிறது' என்கிறோம். நொச்சி, வேம்பு, மலையில் யூக்கலிப்டஸ் இலை. தடிமன் வந்தாலும் சரி, பிள்ளை பெத்த உடம்பு நொந்தாலும் சரி, ஆவியும் இலை போட்டு அவிச்ச தண்ணியும்தான்.

மலையகத்தில் இது ஏன் போர்வைக்குள்ளேயே நின்றுவிட்டது? 1823இல் கம்பளையில் பெரிய கோப்பித் தோட்டம் தொடங்கியது. பிறகு மடுல்கெல்ல உட்பட நக்கிள்ஸ் மலைச்சரிவுகளுக்கும் கோப்பி ஏறியது. கூடவே லயங்களும் வந்தன. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவுதான். சமையல், தூக்கம், பிரசவம் எல்லாம் அதற்குள். குளிக்க பீலிக்கரை. நக்கிள்ஸ் குளிரில், காலை மலைக்குப் போகுமுன், வெட்டவெளியில்.

1869க்குப் பிறகு இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது, தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே கொழுந்துக்குச் சூடான காற்று ஓடும் வாட்டும் மாடி கிடைத்தது, அடுக்கடுக்காக விறகு கிடைத்தது. சவுனாவின் சூடு பொதுவாக 80 முதல் 100 பாகை செல்சியஸ். தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போகும் காற்றும் ஏறத்தாழ அதே சூடுதான்! தோட்டத்தில் வெப்ப அறை இல்லாமலில்லை, இருந்தது தேயிலைக்கு. அதைப் பறித்தவர் வீட்டு அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறைத் தலையில் சுமந்து வரணும்.

ஆகவே வீட்டுச் சவுனாவின் வரலாற்றை நாங்கள் காணியின் வரலாறாகத்தான் வாசிக்கிறோம். ஃபின்லாந்துக் குடியானவருக்குக் காலடியில் நிலமும் கைக்கெட்டும் தூரத்தில் காடும் இருந்தன. லயத்தில் இருப்பவர் சுவரில் ஆணி அடிப்பதற்கே யோசிக்கணும், ஏனென்றால் சுவர் அவருடையதல்ல.

அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் சில தோட்டங்களில் எழுந்திருக்கின்றன. அவற்றில் குளியலறை உண்டு. லயங்களிலோ இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. அவங்க கைக்கும் வீடும் காணி உறுதியும் வரட்டும். கொல்லையில் கோழிக்கூடா, மரக்கறிப் பாத்தியா, வேது புடிக்க ஒரு சின்ன அறையா என்பதை அவங்களே முடிவு பண்ணிக்கொள்வாங்க.