புல் ஒன்று, பெயர் பல: திமோத்திப் புல்லின் பெயர் வரலாறு

0. முன்னுரை

தாவரப் பெயர்களை மொழிபெயர்ப்போர் பெரும்பாலும் அகராதியையே நாடுகின்றனர். ஆனால் ஒரு தாவரம் இடத்திற்கு இடம் வேறு பெயர் பெறுவதும், ஒரு பெயரே இடத்திற்கு இடம் வேறு தாவரத்தைச் சுட்டுவதும் உண்டு. அங்கெல்லாம் அப்பெயர் வழங்கிய வரலாறும் துணைக்கு வேண்டும். இதனைத் திமோத்திப் புல்லைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புல்லும் பயிரும்

ஐரோப்பாவின் ஈரப்பாங்கான புல்வெளிகளில் தானே வளரும் பல்லாண்டுப் புல் இது. லின்னேயஸ் 1753-இல் இதற்கு ஃபிளியம் பிரட்டென்ஸ் எனப் பெயரிட்டார். இலத்தீனில் இரண்டாம் சொல் 'புல்வெளிக்குரியது' எனப் பொருள்படும். நெருக்கமான உருளைக் கதிர் இதன் அடையாளம். தண்டின் அடி குமிழ்போல் பருத்து உணவைச் சேமிக்கும். கடுங்குளிரைத் தாங்கும் இப்புல், வேர் ஆழம் செல்லாமையால் வறட்சியைத் தாங்காது. ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 25 இலட்சம் விதைகள் அடங்கும். ஆகவே மண்ணை நன்கு பொடியாக்கி மேலாக விதைப்பர். கதிர் வெளிப்பட்டுப் பூக்கத் தொடங்குவதற்குள் அறுத்தால் சத்துள்ள உலர்தீவனம் கிடைக்கும். பிந்தினால் தண்டு முரடாகிவிடும். மோட்டார் வண்டிகள் பெருகுமுன் அமெரிக்க நகரங்களின் வண்டிக் குதிரைகளுக்கு இது முக்கியமான தீவனமாக இருந்தது.

2. பெயர்கள் பிறந்த வகை

இங்கிலாந்தில் இதன் பழம்பெயர் 'பூனைவால்'. கதிரின் வடிவால் அமைந்த காரணப்பெயர். குடியேறியோர் கப்பல்களில் வந்த தீவனத்தோடு இதன் விதை வட அமெரிக்காவை அடைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. கனெக்டிகட் பகுதியின் சமயகுருவும் வேளாண் நூலாசிரியருமான ஜாரெட் எலியட், 1748 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், ஹெர்டு என்பவர் பிஸ்கடகுவா பகுதிச் சதுப்பில் இதைக் கண்டு பரப்பினார் என்னும் செவிவழிச் செய்தியைக் குறிக்கிறார். இது அந்நாட்டுக்கே உரிய புல் என்றும் அவர் கருதினார். புல் வந்தேறியது என்பது மறந்தபோது பழம்பெயரும் மறைந்து, கண்டெடுத்தவர் பெயரே நிலைத்தது. தெற்கே, 1720 அளவில் இதன் விதையைப் பரப்பியதாகக் கூறப்படும் திமோத்தி ஹான்சனின் பெயர் வழங்கலாயிற்று.

3. பெயரால் விளைந்த மயக்கம்

எலியட் அன்பளிப்பாகத் தந்த 'ஹெர்டு' விதையைப் பென்சில்வேனியாவில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் விதைத்தார். வளர்ந்தது தாம் முன்பே அறிந்த திமோத்திப் புல். விதையைத் தவறாகத் தந்துவிட்டீர்கள் என்னும் கருத்துப்பட 1747-இல் எலியட்டுக்கு எழுதினார். பிழை விதையில் இல்லை; பெயரில் இருந்தது. இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. பென்சில்வேனியாவிலும் அதற்குத் தெற்கிலும் 'ஹெர்டு புல்' என்பது அக்ராஸ்டிஸ் இனத்தைச் சேர்ந்த வேறொரு புல்லைச் சுட்டலாயிற்று.

4. பிறமொழிகளில்

1760-களில் இப்பயிரின் விதை அமெரிக்கப் பெயரோடு இங்கிலாந்துக்குச் சென்றது. சொந்த மண்ணிலேயே அப்புல் அயற்பெயர் பெற்றது. ரஷ்ய மொழி 'திமஃபேயெவ்கா' எனத் தன் விகுதி சேர்த்துக்கொண்டது. ஃபின்னிய மொழி 'திமொத்தெய்' என்கிறது. ஜப்பானியரின் 'ஓவாவகயெரி' என்னும் பெயரிலோ தினையைக் குறிக்கும் 'அவா' என்னும் சொல் அமைந்துள்ளது.

5. தமிழில்

குதிரைவாலியைப் பெற்றுள்ள தமிழுக்குப் 'பூனைவால்' என்னும் ஆக்கம் புதிதன்று. எனினும் அமெரிக்க ஆங்கிலத்தில் 'பூனைவால்' என்பது சம்பங்கோரையினத்தைக் குறிப்பதால் மயக்கம் நேரும். 'தீமோத்தேயு' என விவிலிய வடிவில் எழுதினால், பெயருக்குரியவர் உழவர் என்பது மறைந்து திருத்தூதரின் சீடர் நினைவுக்கு வருவார். ஆகவே வேளாண் நூல்களில் 'திமோத்திப் புல்' என்பதே ஏற்புடையது.

ஆனால் பழைய ஆவணங்களுக்கு இவ்விதி பொருந்தாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் கலைச்சொல் நெறியைப் பின்பற்றிப் பிராங்க்ளினின் கடிதத்தில் வரும் இரு பெயர்களையும் ஒன்றாக்கினால், அவர் எதைக் குறைகூறுகிறார் என்பதே விளங்காது. அங்கு இரு பெயர்களும் இரண்டாகவே நிற்க வேண்டும். ஒரே புல் என்பதை அடிக்குறிப்பு உணர்த்த வேண்டும். 'ஹெர்டு புல்' வருமிடத்தில், ஆவணம் எப்பகுதியில் எழுதப்பட்டது என்பதே மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.